நேரியார் முற்றம்: பார்சிலோனாவில் ஒரு சுவரும் அதைப் பற்றிச் சொன்ன பொய்யும்

எங்கட வட்சப் குழுவில ஒருநாள் ஒரு படம் வந்து விழுந்தது. கீழே ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. சாம்பல் நிறக் கற்சுவர். அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலேயும் பள்ளம் பள்ளமாக, சிலது கைவிரல் போகுமளவு, சிலது தலையே போகுமளவு. கரையில் ஒரு பெரிய மரக்கதவு. அவ்வளவுதான்.

முதல் பதில் ஐந்து நிமிசத்துக்குள்ள வந்தது. "பழைய கச்சேரியா?" அடுத்தது, "கச்சேரி இவ்வளவு துப்புரவா இருக்காது, இது எங்கயோ தேவாலயம்." இன்னொருத்தர் முல்லைத்தீவுப் பக்கம் எண்டார். யாருமே "இந்தச் சுவருக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்கேல்ல. அது எங்கள் எல்லாருக்கும் பார்த்தவுடனேயே தெரிந்திருந்தது. எந்த நாடு என்பது மட்டும்தான் தெரியவில்லை.

ஸ்பெயின். பார்சிலோனா. பழைய நகரப் பகுதிக்குள் பதுங்கிக் கிடக்கும் ஒரு சின்னச் சதுக்கம். கத்தலான் மொழியில் பிளாசா டி சான்ட் பெலிப் நேரி. படத்தை அனுப்பியவன் அங்கே வேலை விசயமாகப் போன எங்கள் நண்பன். கால்பந்து மைதானத்தைப் பார்க்கப் போகிறேன் எண்டு சொல்லிவிட்டுப் போனவன், திரும்பி வந்தபோது இந்தச் சுவரைப் பற்றித்தான் கதைத்தான். அவன் தொடக்கிவைத்ததைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வாசித்துச் சேர்த்தவை கீழே.

சதுக்கம் எண்டா எங்களுக்கு மனதில் வருவது கொழும்புச் சுதந்திர சதுக்கம். அகலம், புல்வெளி, தூண்கள், மாலையில் ஓடுகிற ஆக்கள். இது அப்படியில்லை. நான்கு பக்கமும் கட்டடங்கள் அடைத்து நிற்க, நடுவில் ஒரு எண்கோணத் தண்ணீர்த் தொட்டி, அதில் ஓயாமல் ஒழுகும் நீர், மேலே கிளை பரப்பி நிழல் போடும் மரங்கள். ஒரு பெரிய நாற்சார் வீட்டின் முற்றம் மாதிரி எண்டு அவன் சொன்னான். அதனால் இந்தக் கட்டுரையில் நாங்கள் முற்றம் எண்டே சொல்லப்போகிறோம்.

அங்கே போகும் வழியும் முக்கியம். பார்சிலோனா பேராலயத்துக்கு முன்னால் எந்த நேரமும் சனம். கொடி பிடித்த வழிகாட்டிகள், அவர்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சுற்றுலாப் பயணிகள், கிட்டார்காரர், சவர்க்காரக் குமிழி விடுகிறவர்கள். அங்கிருந்து இரண்டு மூன்று நிமிச நடை. ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பினால் சத்தம் அப்படியே அறுந்துபோகிறது. ஒழுங்கையின் பெயர் மொஞ்சுயிக் டெல் பிஸ்பே. மத்திய காலத்தில் அந்த இடத்தில் இருந்த ஒரு சேமக்காலையின் பெயர் அது. சேமக்காலை போய் எத்தனையோ நூற்றாண்டு, பெயர் மட்டும் ஒழுங்கையில் தங்கிவிட்டது. ஒழுங்கை முடியும் இடத்தில் நீர் விழும் சத்தம் கேட்கும். அதுதான் முற்றம்.

அங்கே நிற்கும் தேவாலயம் 1721இல் தொடங்கி 1752இல் கட்டி முடிக்கப்பட்டது. புனித பிலிப்பு நேரியாருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது. இந்தப் பெயரைக் கேட்டதும் எங்களில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த ஒருத்தி "நில்லுங்கோ, இவரை எனக்குத் தெரியும்" எண்டாள். கொழும்பு புறக்கோட்டையில் இவர் பெயரில் ஒரு கோவில் இருக்கிறது. ஆனால் உறவு அதைவிட நெருக்கம். நேரியார் 1515இல் புளோரன்சில் பிறந்து உரோமையில் வாழ்ந்தவர், பகிடி விடுகிற புனிதர் என்று பெயரெடுத்தவர். அவர் தொடக்கிய குருக்கள் சபையின் வழியில் கோவாவில் இந்தியக் குருக்கள் ஒரு கிளை அமைத்தார்கள். அந்தக் கோவாச் சபையிலிருந்துதான் 1687இல் யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். கரையோரம் முழுக்க ஒல்லாந்தர் கையில், கத்தோலிக்க வழிபாடு தடை. அதனால் பிச்சைக்காரன் போல உடுத்திக்கொண்டு வந்து, பிறகு சில்லாலையில் தங்கி, இரவில் வீடு வீடாகப் பூசை வைத்த கதை எங்கட பாட்டிமாருக்கெல்லாம் பாடம். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆக, பார்சிலோனாவில் அந்த முற்றத்தில் நிற்கும் தேவாலயமும் எங்கட சில்லாலைக் கதையும் ஒரே ஆளில் போய் முட்டுகின்றன.

இன்னொரு பிச்சைக்காரர் கதையும் இங்கே உண்டு. சக்ராதா பமிலியா என்ற பெருங்கோவிலைக் கட்டிக்கொண்டிருந்த அன்டோனி கௌடி, வயதான காலத்தில் பின்னேரங்களில் வேலைத்தளத்திலிருந்து நடந்து இந்தத் தேவாலயத்துக்குச் செபிக்க வருவார். உள்ளே இருக்கும் நேரியார் ஓவியங்களுக்கு ஓவியர் ஜுவான் லிமோனா கௌடியையே மாதிரியாக வைத்து வரைந்தார் என்பார்கள். 1926 ஜூன் 7ஆம் திகதி அப்படி நடந்து வரும்போது ட்ராம் ஒன்று அவரை அடித்தது. உடுப்பு பழசு, பொக்கற்றில் அடையாள அட்டை ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பிச்சைக்காரன் என்று நினைத்து ஏழைகளுக்கான வைத்தியசாலையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மூன்று நாளில் இறந்துபோனார். பார்சிலோனா இன்று தன்னை விற்பதே அவருடைய கட்டடங்களை வைத்துத்தான். அந்த மனிதர் கடைசியாகப் போய்ச் சேர நினைத்த இடம் இந்தச் சின்ன முற்றம்.

சரி. சுவருக்கு வருவோம்.

1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. தேர்தலில் வந்த குடியரசு அரசாங்கத்துக்கு எதிராக இராணுவத் தளபதிகள் கிளர்ந்தார்கள், பிராங்கோ அவர்களின் தலைவரானார். ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு விமானமும் ஆளும் அனுப்பினார்கள். பார்சிலோனா குடியரசின் பக்கம் நின்றது. 1937 பெப்ரவரியில் இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்று கடலிலிருந்து நகரத்தை நோக்கிச் சுட்டதோடு அடி தொடங்கியது. அதற்குப் பிறகு வானம். மல்லோர்காத் தீவில் இத்தாலிய விமானப்படை முகாமிட்டிருந்தது. அங்கிருந்து பார்சிலோனா ஏறத்தாழ 200 கிலோமீற்றர். கடல் பக்கமாக வருவார்கள், போட்டுவிட்டுக் கடல் பக்கமாகவே திரும்பிவிடுவார்கள்.

போர்முனையிலிருந்து தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய நகரத்தைத் திரும்பத் திரும்ப விமானத்தால் அடித்துச் சனத்தின் மனதை உடைக்கலாமா என்று உலகம் பரீட்சித்துப் பார்த்த முதல் இடங்களில் பார்சிலோனா ஒன்று. 1938 மார்ச் 16 தொடக்கம் 18 வரை மட்டும் ஏறத்தாழ 1000 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கட்டளை முசோலினியிடமிருந்தே நேராகப் போனது. 1940 ஜூனில், லண்டன் மீது குண்டு விழப்போகிறது என்று தெரிந்த நேரத்தில், சேர்ச்சில் தன் சனத்துக்குத் தைரியம் சொல்லிப் பேசியபோது பார்சிலோனா மக்களைத்தான் உதாரணம் காட்டினார். அந்த மக்கள் அடி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய நாடு தலையிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்பது வேறு கதை.

சனம் என்ன செய்தது? பங்கர் வெட்டியது. நகரம் முழுக்க 1300க்கும் மேற்பட்ட பதுங்கிடங்கள். பெரும்பாலானவற்றை அந்தந்தத் தெரு ஆக்களே, பொம்பிளைகளும் பிள்ளைகளும் வயதானவர்களுமாகச் சேர்ந்து தோண்டினார்கள். அதில் ஒன்று, 307ஆம் இலக்கம், இன்று அருங்காட்சியகம். ஏறத்தாழ 400 மீற்றர் சுரங்கம். நேராகப் போகாது, வளைந்து வளைந்து போகும். வாசலில் குண்டு விழுந்தால் அதிர்வு நேராக உள்ளுக்குப் போகாமல் இருக்க. நண்பன் இதைச் சொன்னபோது எங்களில் மூத்தவர் ஒருவர் சிரித்துவிட்டார். "எங்கட வளவில நாங்கள் வெட்டினது எல் பங்கர். அப்பாவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு அப்பவே யோசிச்சனான்." ஒருத்தரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். விமானம் தலைக்கு மேலே வந்தால் எல்லா ஊர்ச் சனமும் ஒரே கணக்கைத்தான் படிக்கும்.

பங்கர் இல்லாத இடங்களில் தேவாலயத்தின் நிலவறைதான் பங்கர். கட்டியான சுவர், பாரமான கூரை, ஒரு நம்பிக்கை. 1938 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை காலை. சான்ட் பெலிப் நேரி தேவாலயத்தின் நிலவறைக்குள் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குள் போரால் இடம்பெயர்ந்து வந்து அந்த வளவுக்குள் தங்கியிருந்த பிள்ளைகளும் அடக்கம். குண்டு முற்றத்தில் விழுந்து வெடித்தது. நிலவறை இடிந்து உள்ளே இருந்தவர்கள் மேல் விழுந்தது. அயலட்டைச் சனம் ஓடிவந்து கல்லைக் கையால் இழுத்துப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும்போது விமானங்கள் திரும்ப வந்தன. அடுத்த குண்டு காப்பாற்ற வந்தவர்கள் மேல்.

42 பேர். பெரும்பாலும் பிள்ளைகள்.

முற்றத்தைச் சுற்றியிருந்த வீடுகளும் உடைந்துபோயின. தேவாலயத்தின் முன்சுவர் விழவில்லை. ஆனால் குண்டின் சிதறல்கள் முழுவதையும் அது வாங்கிக்கொண்டது. நண்பன் அனுப்பிய படத்தில் நாங்கள் பார்த்த பள்ளங்கள் அவை.

ஒரு வருசம் கழித்து, 1939 ஜனவரி 26ஆம் திகதி, பிராங்கோவின் படை பார்சிலோனாவுக்குள் வந்தது. அதற்குப் பிறகு இந்தச் சுவருக்கு ஒரு புதுக்கதை எழுதப்பட்டது. அந்தப் பள்ளங்கள் விமானக் குண்டால் வந்தவை இல்லையாம். குடியரசுக்காரர் பாதிரிமாரைச் சுவரோடு நிறுத்திச் சுட்ட வெடிகளின் அடையாளமாம். முப்பது வருசத்துக்கு மேல் இந்தக் கதை புழக்கத்தில் இருந்தது. ஒழுங்கையால் வருகிற வழிப்போக்கனுக்குச் சொல்லப்பட்ட கதை அது. உண்மை தெரிந்த அயலவர்கள் வாய் திறக்க முடியாத காலம்.

இந்தப் பொய்யைப் பற்றி நாங்கள் கனநேரம் கதைத்தோம். ஏனென்றால் இது மொக்குப் பொய் இல்லை. பக்கத்திலேயே ஒரு உண்மை இருந்தது. போர் தொடங்கிய மாதங்களில் குடியரசுப் பகுதிகளில் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. பார்சிலோனாவிலும் எரிந்தன. ஸ்பெயின் முழுவதும் குருக்கள், துறவிகள், கன்னியாஸ்திரிகள் எண்டு 6000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பாதிரிமாரைச் சுட்டது நடந்த விசயம். இந்தச் சுவரில் நடக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு உண்மையான கொலையைத் தூக்கிக்கொண்டுவந்து இன்னொரு உண்மையான கொலைக்கு மேலே மூடிவிட்டார்கள். இப்படி மூடுகிறவர்களை எங்களுக்கும் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்தால், "அதுக்கு முதல் கிழக்கில என்ன நடந்தது தெரியுமோ?" எண்டு தொடங்குகிறவர்கள் எங்கட குடும்பங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கிழக்கில் நடந்ததும் நடந்ததுதான். ஆனால் அந்தக் கேள்வி அதற்காகக் கேட்கப்படுவதில்லை.

சுவரை ஒழுங்காகப் பார்த்த ஆருக்கும் அது வெடி பட்ட சுவர் இல்லை எண்டு விளங்கும். ஆட்களை நிறுத்திச் சுட்டால் அடையாளம் நெஞ்சுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்தில், ஓரிடத்தில் குவிந்து கிடக்கும். இங்கே முழங்காலிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் வரை, அகலவாக்கில் சுவர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஒரு பள்ளம் போல இன்னொரு பள்ளம் இல்லை. அது வெடித்துச் சிதறிய இரும்பின் வேலை. இதற்கு நிபுணர் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில் 90களில் வளர்ந்த ஒரு பிள்ளை போதும். எங்கட குழுவில் முதல் ஐந்து நிமிசத்தில் வந்த பதில்கள் அதற்குச் சாட்சி.

இனித்தான் எங்களை உண்மையில் குழப்பிய விசயம். இந்த முற்றத்தின் அழகு. படங்களைப் பார்க்கிற எவரும் "ஐந்நூறு வருசமா இப்படியே இருக்கிற இடம்" எண்டுதான் நினைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் நாங்கள் பார்க்கிற முற்றம் போருக்குப் பிறகு நகரசபைக் கட்டடக்கலைஞர் அடோல்ப் ஃபுளோரென்சா ஒழுங்கு பண்ணியது. குண்டு விழுந்த வெறுமையைச் சுற்றி அவர் பழைய கட்டடங்களை வேறிடங்களிலிருந்து கல்லுக் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து பொருத்தினார்.

உதாரணத்துக்குச் சப்பாத்துத் தொழிலாளர் சங்க வீடு. 1565ஆம் ஆண்டுக் கட்டடம். சங்கத்தின் காவலர் புனித மாற்கு, அதனால் முகப்பில் அவருடைய சின்னமான சிங்கம் செதுக்கியிருக்கிறது. (சிங்கத்தைக் கண்டதும் குழுவில வந்த பகிடிகளை இங்கே எழுதேலாது.) அது முதலில் நின்றது பேராலயத்துக்குக் கிட்ட இன்னொரு தெருவில். பேராலயத்துக்கு முன்னால் அகலமான வீதி போடுவதற்காக அந்தத் தெருவையே இடித்தார்கள். வீட்டின் முகப்பு இங்கே வந்தது. பிறகு கனகாலம் அதற்குள் சப்பாத்து அருங்காட்சியகம் ஒன்று நடந்தது. துறைமுகத்தில் நிற்கும் கொலம்பஸ் சிலையின் காலுக்கு அளவாகச் செய்த பென்னாம்பெரிய சப்பாத்து ஒன்றும் அங்கே இருந்தது. இப்போது மூடிவிட்டார்கள்.

செம்புப் பாத்திரம் செய்கிறவர்களின் சங்க வீடு அதைவிடப் பாவம். 1908 தொடக்கம் பழைய நகரத்தைக் கிழித்துக்கொண்டு வியா லாயெட்டானா என்ற பெருவீதி போடும்போது அந்த வீட்டுக்கு இடமில்லாமல் போனது. முகப்பைக் கழற்றி நகரத்தின் இன்னொரு மூலையில் உள்ள லெசெப்ஸ் சதுக்கத்தில் வைத்தார்கள். அங்கிருந்தும் பிறகு இங்கே. இரண்டு தரம் இடம்பெயர்ந்த வீடு. எங்கட சனம் மாதிரி.

இதோடு நிற்கவில்லை. "கோதிக் குவாட்டர்" எண்டு பார்சிலோனா பெருமையாகக் காட்டுகிற அந்தப் பகுதி முழுவதிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பேராலயத்தின் முகப்பு மத்திய காலத்தது எண்டு நினைப்பீர்கள். 1887இல் தொடங்கி 1913இல் முடித்தது. எல்லாரும் படம் எடுக்கிற, தெருவுக்கு மேலால் போகும் அந்தக் கற்பாலம், பிஷப் தெருப் பாலம், 1928இல் கட்டியது. அந்தப் பாலத்தை விட எங்கட பாட்டாவுக்கு வயது கூட. 1929இல் பெரிய சர்வதேசக் கண்காட்சி வரப்போகிறது, வருகிறவர்களுக்குப் பழைய நகரம் ஒன்று காட்டவேண்டும். காட்டினார்கள்.

இதை வாசித்தபோது எங்களில் சிலருக்குக் கோபம். ஏமாத்திப்போட்டாங்கள் எண்ட உணர்வு. நண்பனுக்கு அப்படியில்லை. "எல்லாக் கல்லும் பழைய கல்லுத்தானே, இடம் மட்டும்தானே மாறினது" எண்டான். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. எங்களுக்குப் பட்டது இதுதான்: அந்த முற்றத்தில் நிற்கிறவற்றில் முகப்புகள் வேறெங்கோ இருந்து வந்தவை, நீர்த்தொட்டி போருக்குப் பிறகு வைத்தது, விரிவும் வெளிச்சமும் குண்டு போட்ட கணக்கு. பிறந்த இடத்திலேயே, நடந்தது நடந்தபடி நிற்பது அந்தத் துளை விழுந்த சுவர் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் அழகாக்கிய கைகள் அதற்கு மட்டும் சீமெந்து பூசவில்லை.

பூசாமல் விட்டதாலே மட்டும் சுவர் கதைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேணும். பள்ளங்கள் அப்படியே இருக்க, கதையைத்தான் மாற்றினார்கள். பிராங்கோ 1975இல் இறந்தார். 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது, இரு பக்கமும் பழசைக் கிண்டுவதில்லை என்று ஒரு சொல்லாத ஒப்பந்தம். சர்வாதிகாரம் போய் மூன்று தசாப்தம் கழித்து 2007இல்தான் சுவருக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலப் பலகை வைத்தார்கள். இங்கே இன்ன திகதியில் 42 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், பிராங்கோ தரப்பு விமானங்களால் இறந்தார்கள் என்று அது சொல்கிறது. அந்தப் பலகையும் முழுசாகச் சொல்லவில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். விமானங்கள் இத்தாலியருடையவை, அந்தச் சொல் அதில் இல்லை. 2013இல் பார்சிலோனா நீதிமன்றம் ஒன்று அந்த இத்தாலிய விமானிகள் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கச் சொல்லி உத்தரவிட்டது. முறைப்பாட்டைக் கொண்டுபோனவர்கள் யார் தெரியுமோ? பார்சிலோனாவில் வாழும் இத்தாலியர்களின் சங்கம் ஒன்று. இந்த விசயம் எங்கள் எல்லாரையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வைத்தது.

இப்போது அந்த முற்றம் பிரபலம். கார்லோஸ் ரூயிஸ் சபோன் 2001இல் எழுதி உலகம் முழுக்க விற்ற நாவலில் ஒரு முக்கிய பாத்திரத்தின் வீடு இங்கேதான். எவனசென்ஸ் குழுவின் 'மை இம்மோர்ட்டல்' பாட்டு வீடியோவில் வருகிற அந்த நீர்த்தொட்டி இதுதான். எங்களில் அரைவாசிப் பேர் பள்ளிக்கூடக் காலத்தில் அந்தப் பாட்டைத் தேய்த்திருக்கிறோம், இடம் எது எண்டு தெரியாமலே. 'பெர்பியூம்' படமும் இங்கே எடுத்திருக்கிறார்கள். அதனால் ஒழுங்கையின் அமைதி எந்த நேரமும் கிடைக்காது. சில வேளைகளில் வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து சுவருக்கு முன்னால் நிறுத்துவார்கள். துளைக்குள் விரலை விட்டுச் சிரித்துக்கொண்டு செல்பி எடுக்கிறவர்களையும் நண்பன் கண்டிருக்கிறான். ஏச வாய் வந்ததாம், அடக்கிக்கொண்டானாம். நாங்களும் முள்ளிவாய்க்காலில் எரிந்த பஸ்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்த ஆக்களைப் பார்த்திருக்கிறோம்.

இதைப் பற்றிக் கதைத்தால் நவாலியைக் கதைக்காமல் விடமுடியாது. 1995 ஜூலை 9, முன்னேறிப் பாய்ச்சல் இராணுவ நடவடிக்கை தொடங்கிய நாள். இடம்பெயர்ந்து வந்த சனம் நவாலி புனித இராயப்பர் தேவாலயத்திலும் சுற்றியும் ஒதுங்கியிருந்தது. கட்டியான சுவர், பாரமான கூரை, ஒரு நம்பிக்கை. பின்னேரம் விமானம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர், அவர்களுக்குள் பிள்ளைகள் கனபேர். செஞ்சிலுவைச் சங்கம் நடந்ததைச் சொல்லி அறிக்கை விட, அரசு அந்த அறிக்கைக்கே ஆட்சேபனை தெரிவித்தது. தேவாலயம் திருத்தப்பட்டுவிட்டது. அருகில் பெயர்கள் எழுதிய நினைவிடம் இருக்கிறது, ஜூலை 9இல் விளக்கேற்றுகிறார்கள். பூசாமல் விட்டிருக்கலாமா எண்டு எங்களில் ஒருவர் கேட்டபோது, நவாலியைச் சேர்ந்த இன்னொருவர் சொன்னார்: "ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போற சனத்துக்கு ஒழுகாத கூரை வேணும். உங்களுக்குப் படம் எடுக்கச் சுவர் வேணும்." அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. யாழ் நூலகத்தைப் பற்றியும் இதே வாதம் வந்தது. 1981இல் எரிந்த கட்டடம் இன்று பளிச்சென்று வெள்ளையாக நிற்கிறது, எரிந்ததன் தடயம் ஒரு மூலையிலாவது கண்ணுக்குப் படுகிறதா எண்டு தேடினால் படாது. ஆனால் உள்ளே பிள்ளைகள் மேசை பிடித்துப் படிக்கிறார்கள், இடம் பிடிக்கக் காலமை போகவேணும்.

பார்சிலோனா முற்றத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நாங்கள் கடைசியில்தான் அறிந்தோம். தேவாலயத்தோடு ஒட்டினாற்போல ஒரு பள்ளிக்கூடம். அதற்கு விளையாட வேறு வளவு இல்லை, இந்த முற்றம்தான். நண்பன் ஒருநாள் காலை பத்தரை போலத் தொட்டிக் கட்டில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சுற்றிவர ஒரு சத்தமும் இல்லை, தண்ணி விழுவது மட்டும். திடீரென்று மணி அடித்தது. கதவு திறந்தது. நாற்பது ஐம்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து முற்றத்தை நிரப்பின. பந்து ஒன்று பறந்து போய்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. அதை எடுக்க ஓடின சின்னப் பொடியன் ஒருத்தன் சுவரோடு முதுகைச் சாய்த்து நின்று, ஒரு காலைத் தூக்கி, அவிழ்ந்த சப்பாத்து நூலைக் கட்டினான். ஆசிரியை வந்து நண்பனைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இவன் எழும்பி ஒழுங்கைப் பக்கம் போய் நின்றான்.

அந்தப் படத்தை அவன் எடுத்தது அதற்கு முதல். பொடியன் நிற்கிற படம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை எடுக்கக்கூடாது எண்டு அங்கே போட்டிருக்காம்.